நாலாவது சீட்டில் நிலாவுக்கு

மும்பையில் எங்கள் செம்பூர் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் பணி ஓய்வு பெற்றவர்களுக்கென்று சில பக்கங்கள் உண்டு. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வங்கியிலும் நெடுங்காலம் உழைத்த பெரியவர்கள் அதில் எழுதுவார்கள். இந்த ஆண்டு அந்தப் பக்கத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதற்கு சங்கச் செயலாளர்தான் பொறுப்பு.

"நீங்கதான் ரிடையர் ஆயிட்டேளே, எழுதிக் கொடுங்கோ" என்றார் அவர், காய்கறி வண்டிக்கு முன்னால் என்னை நிறுத்தி வைத்து.

"எனக்கு முப்பத்து நாலுதான் ஆகுது மாமா. கம்பெனி பெங்களூருக்குப் போயிடுச்சு, என்னால போக முடியல. அவ்வளவுதான்."

"வயசா கேட்டேன்? வேலைக்குப் போறேளா இல்லியா?"

"இல்ல."

"அப்போ ரிடையர்தான். போட்டோ வேண்டாம், மத்தவாள்லாம் பொறாமைப்படுவா."

எழுதலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஜூனியர்கள் பெங்களூரிலிருந்து இன்னும் போன் செய்து, "அந்த டிடெக்டர் விஷயம் என்ன நடந்துச்சுன்னு ஒழுங்கா சொல்லுங்கக்கா, ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க" என்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

நவி மும்பை ஐரோலியில் இருந்த எங்கள் கம்பெனி சின்ன செயற்கைக்கோள்கள் செய்தது. சின்னது என்றால் பிரஷர் குக்கர் வாங்கும்போது ஒரு அட்டைப்பெட்டி தருவார்களே, ஏறக்குறைய அவ்வளவு. கல்யாண வீடுகளில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்து, நான் இரண்டு கைகளாலும் அளவு காட்டினால், அவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் வரும். "அப்போ பெருசா ஒண்ணும் இல்லையா?" என்று ஒரு அத்தை நேராகவே கேட்டார்.

பெரிதாக இல்லாததுதான் அதன் பெருமை என்று அந்த அத்தைக்கு விளக்க முடியவில்லை, இங்கே முயல்கிறேன். லோக்கல் ரயிலில் மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருவர் வந்து நிற்பார். மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் கொஞ்சம் உள்ளே நகர்வார்கள், அவர் பாதி உடம்பைப் பலகையிலும் பாதியை வழியிலும் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்வார். சின்னச் செயற்கைக்கோள்கள் நிலாவுக்குப் போவதும் அப்படித்தான். தரையிறங்கப் போகும் பெரிய கலம் ஒன்றின் ஓரத்தில் இடம் கேட்டு ஒட்டிக்கொள்ளும். பெரியது எப்போது கிளம்புகிறதோ அப்போதுதான் கிளம்ப முடியும். முகம் சுளித்தால் இடம் போய்விடும்.

ஆனால் போய்ச் சேர்ந்தபின் பெரியவர்கள் செய்யத் தயங்குவதைச் சின்னவை செய்யும். தரைக்கு மிக அருகில் தாழப் பறக்கும். நிலாவின் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கும் பூமிக்கும் நடுவே செய்தி கடத்தும். பெரிய கலம் எங்கே இறங்கலாம் என்று முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லும். மோதி நொறுங்கினாலும் யாரும் தலையங்கம் எழுத மாட்டார்கள்.

எங்கள் பெட்டியின் வேலை தண்ணீர் தேடுவது. நிலாவின் துருவத்தில் வெயிலே படாத பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் பறந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை டார்ச் போல அடித்து, திரும்பி வருவதில் எது குறைகிறது என்று அதன் கண்ணான டிடெக்டர் பார்க்கும். திரையில் அது ஒரு கோடாக வரும். பனிக்கட்டி இருந்தால் கோட்டில் ஓர் இடத்தில் குழி விழும். எண்ணெய், பசை மாதிரியான பொருள் எதிரில் இருந்தால் அதற்குச் சற்று வலப்புறம் குழி விழும். நிலாவில் தண்ணீர் தேடும் பெட்டியை, சுவரெல்லாம் நீர் கசியும் மும்பை மழைக்காலத்தில் செய்துகொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் துடைத்தேன். இரண்டாம் வருடம் மற்றவர்கள் துடைத்ததைச் சரிபார்த்தேன். அதன் பிறகே திருகாணி ஒன்றைத் தொட விட்டார்கள்.

தொட விட்டவர் மைதீன் சார். கருவிகளைப் பொருத்தும் பிரிவுக்குத் தலைவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோல் பை வியாபாரக் குடும்பம், பிறந்து வளர்ந்தது தாராவி. ஆங்கிலத்தில் மீட்டிங் முடித்துவிட்டு எங்களிடம் திரும்பும்போது அவர் தமிழ் நேராக தாமிரபரணிக் கரைக்குப் போய்விடும். திட்டவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் ஏதாவது சொன்னால் ஒரே கேள்விதான்: "தெரியுதா, தோணுதா?" தோணுகிறது என்றால் போய்த் தெரிந்துகொண்டு வர வேண்டும். எனக்கு வாழ்க்கையில் எல்லாமே தோணும் வகை. அதனால் மற்றவர்களைவிட அதிகம் நடந்திருக்கிறேன்.

தூசி புகாமல் பெட்டியைப் பொருத்தும் தூய அறைக்குள் நுழைவதற்கு அவர் வகுத்த முறை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். வெளியே லாக்கரில் துப்பட்டா, வளையல், செயின், வாட்ச். முகம் கழுவ வேண்டும், சோப்பு அவர் கொடுத்ததுதான். பவுடர், மை, குங்குமம் கிடையாது. ஸ்டிக்கர் பொட்டும் கிடையாது, அதன் பின்னால் பசை இருக்கிறதாம். பூ என்ற சொல்லையே அந்த வராந்தாவில் சொல்லக் கூடாது என்று நாங்கள் கேலி செய்வோம். ஒட்டும் பாயை மிதித்து உள்ளே போய், தலைமுடி வலை, முகமூடி, முக்காடு. வெள்ளை உடுப்பைத் தரையில் படாமல் சுருட்டிப் பிடித்துக் காலை விட வேண்டும். பிறகு குறுக்கே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு காலுக்கு உறை போட்டு அந்தப் பக்கம் வைத்து, அடுத்த காலுக்கு உறை போட்டு அதையும் வைத்தால் அந்தப் பக்கத்து மனுஷி ஆகிவிடுவோம். கடைசியாக இரண்டு அடுக்குக் கையுறை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே சார் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால் கண்ணாடியில் ஒரே ஒரு தட்டு.

இவ்வளவு முறை இருந்தும் எனக்குப் போதவில்லை. ஒருமுறை முகமூடிக்குள்ளேயே தும்மிவிட்டு, வெளியே வந்து சாரிடம் தகவல் சொன்னேன்.

"சளியா?"

"இல்ல சார், ஒரே ஒரு தும்மல்தான். ஆனா எதுக்கும் சொல்லிடலாம்னு..."

"சொல்லிட்டியா? அப்பம் போயி வேலையப் பாரு."

எதுவுமே செய்யாதபோதும் ஒப்புக்கொள்கிறவள் என்ற பெயர் எனக்கு இப்படித்தான் வந்தது. அந்தப் பெயரோடுதான் அந்த மழைக்காலத்துக்குள் நுழைந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியிருந்தேன், மகளுக்கு எட்டு மாதம். காலையில் அவளுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, வாஷியில் வண்டி மாறி, ஐரோலியில் இறங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கையுறைக்குள் கையை நுழைப்பேன்.

பெட்டியைப் பொருத்தி முடித்து, நகரத்தின் மறுபக்கத்திலிருந்த ஒரு சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே காற்றை முழுவதும் உறிஞ்சிவிட்டு, நிலாவின் வெயிலையும் குளிரையும் பெட்டிக்குக் காட்டுவார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் பெட்டி, அதைச் சுற்றித் தோள்வாரும் உட்பைகளும் வைத்துத் தைத்த ஒரு மெத்தைப் பை. மழையில் வாஷி பாலத்தின் மேல் கார் நகரவே இல்லை. பின் சீட்டில் பெட்டிக்கு பெல்ட் போட்டு, அதன்மேல் கையை வைத்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

சோதனையில் டிடெக்டரைக் குளிர வைத்தார்கள். எதிரில் வெறும் கறுப்புத் தகடுதான் இருந்தது. கோடு நேராக வந்திருக்க வேண்டும். தண்ணீரின் இடத்துக்கு வலப்புறம் ஒரு குழி விழுந்தது. சூடாக்கினால் குழி போனது. திரும்பக் குளிர வைத்தால் அதே இடத்தில் திரும்ப வந்தது.

பெரிய கலத்தின் ஆட்கள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் பேசினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எங்கள் கருவியில் ஏதோ எண்ணெய்ப் பசை படிந்திருக்கிறது. அது என்னவென்று அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்குள் சொல்லி, கோட்டை நேராக்கிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு குழு காத்திருக்கிறது. நாங்கள் இத்தனை வருடம் செய்த பெட்டி ஐரோலி அலமாரியிலேயே நின்றுவிடும் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

டிடெக்டரைக் கடைசியாகத் தொட்டு மூடியது நான். எண்ணெய் என்று கேட்டதும் எனக்கு மகளின் முதுகுதான் ஞாபகம் வந்தது. கூட்டம் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை, சார் பின்னாலேயே ஓடினேன்.

"சார், அது நான்தான். தேங்காய் எண்ணெய். குழந்தைக்குத் தேய்ச்ச கை."

சார் என்னைப் பார்த்தார். "தெரியுதா, தோணுதா?"

"தோணுது சார். ஆனா ரொம்ப பலமா தோணுது."

"நீ ஒத்துக்கிட்டாப் போதுமா? பெட்டி ஒத்துக்கணும்லா?"

வீட்டுக்குப் போய், வங்கியில் வேலை பார்க்கும் கணவரிடம் அழுதேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "நாளையிலிருந்து எண்ணெய் நான் தேய்க்கிறேன். பேங்க்ல நோட்டு வழுக்கினா வழுக்கட்டும்" என்றார். கோபப்படலாமா சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

மறுநாள் ஒரு பை நிறையச் சாட்சிகளோடு போனேன். தேங்காய் எண்ணெய், குழந்தைப் பவுடர், டயபர் கிரீம், தைலம், என் கை லோஷன், கிரைப் வாட்டர்கூட. எங்கள் அலுவலகத்திலேயே மேஜைமேல் வைக்கும் அகச்சிவப்புக் கருவி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவன் ஸ்வப்னில், தானே ஊர்க்காரன், என் கீழ் வேலை செய்தவன். என்னைக் கேலி செய்வதற்கு மட்டும் மேலதிகாரி. ஒவ்வொன்றிலும் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிக் கொடுத்தேன்.

"தீதி, கல் பூரா மெடிக்கல் ஸ்டோர் உட்டாகே லாயேகி க்யா?" என்றான். அக்கா நாளைக்கு மருந்துக்கடையையே தூக்கி வந்துவிடுவாளோ என்று அவனுக்குப் பயம்.

தேங்காய் எண்ணெயின் குழி நன்றாக வலப்புறம் தள்ளி விழுந்தது. பெட்டியின் குழி அங்கே இல்லை. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவில் இருந்தது. பவுடர், கிரீம், தைலம் எதுவும் பொருந்தவில்லை.

"ஒருவேளை எண்ணெயும் தண்ணியும் கலந்தா நடுவுல வருமா?" என்று கேட்டேன்.

ஸ்வப்னில் நாற்காலியைத் திருப்பி என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் குடிக்கக் கொடுத்தான்.

நான் இல்லை என்று தெரிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. என் எண்ணெயாக இருந்தால் காரணமாவது கையில் இருக்கும். இப்போது அதுவும் இல்லை, கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வந்த எல்லாம் தீர்ந்த பிறகு, லாக்கரில் தொங்கிய என் துப்பட்டாதான் மிச்சம். மழைக்கு மாற்றாக அன்று காலைதான் அலமாரியின் அடியிலிருந்து எடுத்தது.

"இதையும் பாத்துடலாம்" என்றேன்.

"தீதி, அதை நீங்க உள்ள போட்டுட்டுப் போகவே இல்லையே."

"எதுக்கும்."

துணியை ஒரு கண்ணாடிக் குடுவையில் அடைத்து, மேலே குளிர வைத்த சில்லு ஒன்றை மூடியாக வைத்தோம். சற்று நேரம் கழித்துச் சில்லை எடுத்துக் கருவியில் வைத்தான். கோடு வந்தது. ஸ்வப்னில் பெட்டியின் கோட்டை எடுத்து அதன்மேல் வைத்தான். இரண்டு குழிகளும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தன.

"நான்தான்!" என்று கத்திக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். அந்தக் குரலில் வெற்றி இருந்ததா துக்கம் இருந்ததா என்று ஸ்வப்னிலைத்தான் கேட்க வேண்டும்.

மைதீன் சார் துப்பட்டாவை வாங்கி முகர்ந்தார். "பாச்சை உருண்டை" என்றார்.

"டாம்பர் கோளி!" என்றான் பின்னால் வந்த ஸ்வப்னில், மராத்தியில்.

மழைக்காலத்து மும்பையில் அந்த வாசனை இல்லாத வீடு ஏது? அலமாரியில், குளியலறையில், சூட்கேசில் எங்கும் வெள்ளை உருண்டைதான். எல்லோர் மூக்கிலும் இருப்பதால் யார் மூக்குக்கும் தெரிவதில்லை. நான் அழ ஆரம்பித்தேன்.

"இந்தத் துணி உள்ள வந்துச்சா?" என்று கேட்டார் சார்.

"இல்ல சார். லாக்கர்லதான்."

"இன்னைக்குத்தான அலமாரியிலருந்து எடுத்த? பெட்டி போன வாரமே கெட்டுப் போச்சுல்லா?"

"ஆமா சார். ஆனா..."

"ஆனா ஒண்ணும் இல்ல." அவர் துப்பட்டாவை இன்னொரு தரம் முகர்ந்தார். அவர் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். "இந்த வாடைய நான் வேற எங்கயோ..." என்றவர் முடிக்காமல் ஸ்டோர் ரூமை நோக்கி நடந்தார். பெட்டியைக் கொண்டுபோன மெத்தைப் பை அங்கே கிடந்தது. உட்பையின் ஜிப்பைத் திறந்து இரண்டு விரலை விட்டார். சின்ன மல் துணி முடிச்சு ஒன்று வந்தது. உள்ளே பட்டாணி அளவுக்குத் தேய்ந்துபோன இரண்டு உருண்டைகள்.

அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தது தாராவியில் இருக்கும் சாரின் தம்பி பட்டறை. தன் குடும்பத்துத் தையல் நிலாப் பெட்டியைச் சுமக்கிறது என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

சார் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று தெரியவில்லை, தண்டனையை எல்லோர் முன்னாலும் வாங்க நினைத்தாரோ என்னவோ.

"ஏல ஜமால், பைக்குள்ள என்னத்தல போட்ட?"

"எந்தப் பைண்ணே?"

"நிலாப் பைல."

"ஓ, அதுவா? பாச்சை உருண்டைதான். மழக்காலத்துல எந்தப் பைக்குண்ணே போடாம அனுப்பிருக்கோம்? பூஞ்சை பிடிச்சா பொறவு தச்சவனத்தான சொல்லுவாவ."

"நிலாவுல பாச்சை கிடையாதுல!"

"பையா நிலாவுக்குப் போகுது? பை ஐரோலியிலதான கெடக்கு. ஐரோலியில பாச்சை உண்டுல்லா?"

சார் "வைல போன" என்று வைத்தார். ஸ்வப்னில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. ஸ்டிக்கர் பொட்டின் பசைக்குப் பயந்த மனிதரின் வீட்டுப் பையிலிருந்தே வந்திருக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது; அழுகையும் நிற்கவில்லை.

நடந்தது இதுதான். வாஷி பாலத்தில் நாங்கள் நின்ற நேரமெல்லாம் உருண்டையின் ஆவி பிளாஸ்டிக் உறைக்குள் மெல்ல நுழைந்து பெட்டிக்குள் தங்கியிருக்கிறது. காற்றில்லாத அறையில் டிடெக்டரைக் குளிர வைத்ததும், அலைந்துகொண்டிருந்த அத்தனையும் அந்தக் குளிர்ந்த இடத்தில் போய்ப் படிந்திருக்கிறது. நிலாவின் இருட்டுப் பள்ளங்களில் தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று நாங்கள் நம்புவதற்கும் இதே காரணம்தான். அலைகிற எதையும் குளிர்ந்த இடம் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் டிடெக்டர் நிலாவுக்குப் போகும் முன்பே நிலாப் பள்ளம் போல நடந்துகொண்டுவிட்டது.

ஆய்வுக் கூட்டத்தில் இதை யார் சொல்வது? நான் சொல்கிறேன் என்றேன். "உனக்கு ஒத்துக்கிடுததுக்கு ஒரு சாக்குப் போதும்" என்று சார் என்னை உட்கார வைத்துவிட்டுத் தானே சொன்னார். பை தன் தம்பி தைத்தது, உருண்டை தம்பி போட்டது, பையைத் திறந்து பார்க்காமல் ஏற்றுக்கொண்டது தான் என்று, ஒரு வார்த்தைகூடக் குறைக்காமல். திரையில் இருந்தவர்களில் ஓர் அம்மாள், தன் கம்பளிச் சட்டைப் பெட்டியிலும் அதே உருண்டைதான் என்று சொன்னார். பெட்டியை வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியை வெளியேற்றி, இரண்டு முறை நேர்கோடு காட்டினால் இடம் எங்களுக்கே என்று முடிவானது.

அதிர்ஷ்டம் என்றால் இதுதான். உருண்டை தானாகவே பறந்துபோகிற ஜாதி. தேங்காய் எண்ணெயாக இருந்திருந்தால் போயிருக்காது, பெட்டி நின்றிருக்கும்.

பெட்டியைத் திரும்பக் கொண்டுபோனோம், இந்த முறை பை இல்லாமல் அலுமினியப் பெட்டியில். சூடாக்கினோம், குளிர வைத்தோம். கோடு நேராக வந்தது. மறுபடியும் செய்தோம், நேராகவே வந்தது. டிடெக்டர் பறக்கத் தயார் என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான். பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது முறையும் பார்க்கலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார், வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. நானே சொன்னேன்: "தெரியுது சார்." போட்டேன்.

பெட்டி ஒட்டிக்கொண்டு போய், நிலாவுக்கு அருகில் உதிர்ந்து, தன் வழியில் சுற்ற ஆரம்பித்தபோது என் மகள் பேசத் தொடங்கியிருந்தாள். ஒரு மதியம், தென்துருவத்துப் பள்ளம் ஒன்றின் மேல் பறந்தபோது எடுத்த கோடு எங்கள் திரைக்கு வந்தது. பாச்சை உருண்டையின் இடம் சுத்தம். தண்ணீரின் இடத்தில் லேசாக ஒரு குழி.

அறையே கைதட்டியது. ஸ்வப்னில் யாரையோ கட்டிப் பிடித்தான். என்னால் தட்ட முடியவில்லை.

"சார்..." என்றேன்.

"சொல்லு."

"அது நம்ம ஜூலை மாசத் தண்ணியா இருந்தா?"

கைதட்டல் ஓய்ந்தது. "தீதி, ப்ளீஸ்!" என்று ஸ்வப்னில் தலையில் கை வைத்தான். மும்பை ஈரம் பெட்டிக்குள் எங்காவது ஒளிந்திருந்து, குளிர்ந்த டிடெக்டரில் படிந்திருந்தால் இதே குழிதான் விழும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் அடுத்த நொடியே புரிந்துவிட்டது.

"இவ கேட்டத முதல்ல முடிங்க" என்றார் சார். "கைதட்டு எங்கயும் ஓடிப் போயிராது."

டிடெக்டரைச் சூடாக்கி மறுபடி குளிர வைத்து, பெட்டியை அதன் மூடியிலேயே இருக்கும் சோதனைத் தகட்டைப் பார்க்கச் சொன்னோம். கோடு நேர். வெயில் காயும் சமவெளியைப் பார்க்கச் சொன்னோம். அதுவும் நேர். திரும்பப் பள்ளத்தின் மேல் வந்தது, குழி விழுந்தது. பள்ளத்தைத் தாண்டியதும் மறைந்தது. அடுத்த சுற்றிலும் அதற்கடுத்த சுற்றிலும் அதே இடம், அதே குழி. எங்களோடு வந்த ஈரமாக இருந்தால் எங்கே பார்த்தாலும் கூடவே வந்திருக்கும்.

வெளியூர் விஞ்ஞானிகள் முதலில் கேட்டதும் இதையேதான். நாங்கள் பதிலை உடனே அனுப்பினோம். அன்று மாலை செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, மகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற கணவரிடம், "தண்ணி இருக்கு" என்றேன்.

"நிச்சயமாவா?" என்றார் அவர், நான் எப்படியும் இழுப்பேன் என்று தெரிந்து.

வீட்டைப் பூட்டினேனா என்று இன்றும் பாதி வழியில் திரும்பி வருகிறேன். கேஸை மூடினேனா, பள்ளிக்கூட டிபனில் உப்புப் போட்டேனா, இந்தக் கட்டுரையையே கொடுக்கலாமா வேண்டாமா என்று எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறேன். அன்று மட்டும் அவருக்கு உடனே பதில் சொன்னேன். அது நிலாவின் தண்ணீர்தான்.